வீட்டுத் தானியக்க சர்வர் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒரு சின்ன லினக்ஸ் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளை ஓட்டி, வீட்டு விளக்கு, மோட்டார், சென்சார் எல்லாவற்றையும் அதில் கோத்து வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பலரும் உதவி கேட்பதற்குள் மெமரி கார்டை அழித்துப் புதிதாக நிறுவி முடித்திருப்பார்கள். பிழை அப்படியே இருக்கும், தடயம் மட்டும் போயிருக்கும். அதனால் முதல் வேண்டுகோள்: மறுபடி நிறுவுவது கடைசி வழி. மென்பொருள் கோளாறு என்று என்னிடம் வருவதில் பெரும்பகுதி அடாப்டரிலோ கார்டிலோதான் போய் முடிகிறது. நிறுவுவதால் அவை இரண்டும் மாறிவிடாது.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு போர்டு கணினியின் 4, 5 ஆகிய மாதிரிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு சிறு போர்டுகளுக்கும் பழைய மினி கணினிகளுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். கட்டளைகளின் பெயரை உச்சரிப்பின்படி கொடுத்திருக்கிறேன், டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன், பக்கம் திறக்கும் நிலையில் இருந்தால், ஒரு பேக்கப் எடுத்து வேறு கணினிக்கு இறக்கி வையுங்கள். அதே கார்டில் கிடக்கும் பேக்கப் கார்டோடு சேர்ந்து போய்விடும். அப்புறம், கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வழக்குகளில் விடை அந்தத் தாளிலேயே வந்துவிடுகிறது.

## கணினி கிளம்பவே இல்லை

### எந்த விளக்கும் எரியவில்லை

பிளக் பாயின்ட்டில் வேறு ஏதாவது சாதனத்தைச் செருகிப் பாருங்கள். அது ஓடினால், சந்தேகம் கேபிள் மேல் போகட்டும். யூஎஸ்பி சி கேபிள்கள் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருப்பது சாதாரணம். அடுத்தது அடாப்டர். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பை 5-க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர். போன் சார்ஜரின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கு இங்கே செல்லாது: அதிக வாட் தரும் வேகச் சார்ஜர்கள் பலவும் 9 வோல்ட், 12 வோல்ட்டில்தான் அந்த சக்தியைக் கொடுக்கின்றன, 5 வோல்ட்டில் 3 ஆம்பியரைத் தாண்டுவதில்லை.

கேபிளும் அடாப்டரும் வேறொரு பையை ஓட்டுகின்றன, இதை மட்டும் ஓட்டவில்லை என்றால் போர்டு போய்விட்டது. பழுதுபார்க்கக் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கூலி புதுப் போர்டின் விலையை நெருங்கிவிடும், அப்புறமும் நம்பிக்கை இருக்காது.

### விளக்கு எரிகிறது, ஆனால் பச்சை துடிக்கவில்லை

மின்சாரம் வருகிறது, கார்டு படிக்கப்படவில்லை என்று பொருள். ஒரு டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். இரண்டு எச்டிஎம்ஐ துளைகளில் மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் செருக வேண்டும். பை 4-ம் 5-ம் பூட் செய்ய ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு நோயறி திரையைக் காட்டும். எதைத் தேடுகிறது, எங்கே நிற்கிறது என்று அதிலேயே இருக்கும்.

கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். பிறகு வேறு கணினியில் போட்டுப் படிக்க முடிகிறதா பாருங்கள். படிக்க முடிந்தால், உங்கள் போர்டுக்கு உரிய படிமத்தைத்தான் (கார்டில் எழுதும் இயங்குதளக் கோப்பு) எழுதினீர்களா என்று சரிபாருங்கள். பை 4-க்கான ஹோம் அசிஸ்டன்ட் படிமம் வேறு, பை 5-க்கானது வேறு. இதுவும் சரி என்றால், கார்டில் படிமம் எழுதும் ராஸ்பெர்ரி பை இமேஜர் நிரலில் பூட்லோடரை (கணினியைக் கிளப்பும் சிறு நிரலை) மீட்கும் ஒரு சிறு படிமம் உண்டு. அதை வேறொரு கார்டில் எழுதிப் போட்டால் பச்சை விளக்கு சீராகத் துடிக்கும், திரை பச்சையாகும். அதன்பின் உங்கள் கார்டைத் திரும்பப் போடுங்கள்.

### எஸ்எஸ்டியிலிருந்து கிளம்ப மறுக்கிறது

பை 5-ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால் யூஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். கார்டுக்குப் பதிலாக யூஎஸ்பியில் இணைக்கும் எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கும் அது பற்றாது. 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் வரம்பு 1.6 ஆம்பியராக உயரும். பை 4-ல் மொத்த வரம்பு 1.2 ஆம்பியர். இதற்குப் பிறகும் தகராறு என்றால் எஸ்எஸ்டியின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சில மாற்றிச் சில்லுகளுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போவதில்லை. எஸ்எஸ்டியைச் சந்தேகிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

## கணினி ஓடுகிறது, நெட்வொர்க்கில் காணவில்லை

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறங்கள்.

### பட்டியலில் இல்லை

வைஃபையில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஈத்தர்நெட் கேபிளைச் செருகுங்கள். தோன்றிவிட்டால் பிழை வைஃபை விவரங்களில்: பெயரில் எழுத்துப்பிழை, கடவுச்சொல், அல்லது நாட்டு அமைப்பு தேர்ந்தெடுக்காமல் விட்டது. நாடு அமைக்காவிட்டால் பை ஓஎஸ் (ராஸ்பெர்ரி பையின் சொந்த இயங்குதளம்) வைஃபையை முடக்கியே வைக்கும். சர்வரை நிரந்தரமாகக் கேபிளிலேயே ஓட்டுங்கள் என்பது என் உறுதியான கருத்து. வீடே நம்பியிருக்கும் ஒரு பெட்டிக்கு வைஃபை சரியான இடமல்ல.

### பட்டியலில் இருக்கிறது, பெயரால் திறக்கவில்லை

அந்தப் பட்டியலில் உள்ள முகவரி எண்ணை (ஐபி) பிரவுசரில் தட்டிப் பாருங்கள். எண்ணால் திறந்து, ‘லோக்கல்’ என்று முடியும் பெயரால் திறக்காவிட்டால் சர்வரில் குறையில்லை. போனில் விபிஎன் ஓடுகிறதா, போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் நெட்வொர்க்கில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்கவிடாமல் ரூட்டர் தடுக்கும்.

### எஸ்எஸ்எச் உள்ளே விடவில்லை

2022 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் ‘பை’ என்ற இயல்புப் பயனர் கிடையாது. வேறு கணினியிலிருந்து டெர்மினலில் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் இயல்பில் மூடியிருக்கும். இமேஜரில் எழுதும்போதே பயனர் பெயரையும் எஸ்எஸ்எச்சையும் அமைத்திருக்க வேண்டும். மறுபடி நிறுவிய பிறகு, சர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்று உங்கள் கணினி மிரட்டினால் அது எதிர்பார்க்க வேண்டியதே. பழைய சாவியை எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையால் நீக்கிவிட்டு நுழையுங்கள். மறுபடி நிறுவாமலே அந்தச் செய்தி வந்தால், அந்த முகவரி வேறொரு சாதனத்துக்குப் போயிருக்கலாம்.

### நிலையான முகவரி கொடுத்தும் மாறுகிறது

பழைய வழிகாட்டிகள் டிஎச்சிபிசிடி என்ற நெட்வொர்க் நிரலின் கோப்பைத் திருத்தச் சொல்லும். 2023 அக்டோபரில் வந்த பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க் மேனேஜர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை. கணினிக்குள் அமைப்பதைவிட, ரூட்டரில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (அதன் வன்பொருள் அடையாள எண்ணுக்கு) ஒரு எண்ணை ஒதுக்கிவிடுவது எளிது. மறுபடி நிறுவினாலும் அது நிலைக்கும்.

## பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை

முதல் தடவை கிளப்புகிறீர்கள் என்றால் 20 நிமிடம் வரை பொறுங்கள். அந்த நேரத்தில் அது இணையத்திலிருந்து தேவையானதை இறக்கிக்கொண்டிருக்கும். நடுவில் பிளக்கைப் பிடுங்குவதுதான் அரைகுறை நிறுவலுக்கு முதல் காரணம்.

முகவரியின் முடிவில் 8123 என்ற போர்ட் எண் இருக்கிறதா? பிரவுசர் தானாகப் பாதுகாப்பு இணைப்புக்கு, அதாவது எஸ் சேர்ந்த எச்டிடிபிக்கு மாற்றிவிட்டதா? இந்த இரண்டும் சரி என்றால், ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸில் (ஹோம் அசிஸ்டன்டோடு சேர்ந்தே வரும் இயங்குதளம்) 4357 என்ற போர்ட்டைத் திறந்து பாருங்கள். அப்சர்வர் பக்கம் அங்கே தனியாக ஓடுகிறது. அது திறந்து 8123 திறக்காவிட்டால், அடித்தளம் நன்றாக இருக்கிறது, மேலே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் விழுந்திருக்கிறது.

அப்போது மானிட்டரும் விசைப்பலகையும் இணைத்து ‘எச்ஏ கோர் செக்’ கட்டளையைக் கொடுங்கள். உள்ளமைவுக் கோப்பில் எந்த வரியில் பிழை என்று சொல்லும். இந்த உள்ளமைவை எழுதும் யாமல் வடிவக் கோப்புகளில் பொதுவான பிழைகள்: ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் டேப், ஒரே தலைப்பு இரண்டு முறை. இன்னொன்றும் உண்டு: ‘ஆன்’, ‘ஆஃப்’ என்ற நிலைகளை மேற்கோள் குறிக்குள் போடாமல் விடுவது. அவற்றை அது உண்மை, பொய் என்று எடுத்துக்கொள்ளும். கோப்பு செல்லுபடியாகும், ஆனால் நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது.

டாக்கரில், அதாவது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் மென்பொருளில், ஓட்டுபவர்கள் கன்டெய்னர் பட்டியலைப் பாருங்கள். ‘ரீஸ்டார்ட்டிங்’ என்று சுற்றிக்கொண்டிருந்தால் அதன் லாக்கின் (நிகழ்வுப் பதிவின்) கடைசி ஐம்பது வரியைப் படியுங்கள். பக்கம் திறக்கிறது ஆனால் வீட்டுச் சாதனங்கள் தானாகக் கண்டறியப்படவில்லை என்றால், கன்டெய்னர் ‘ஹோஸ்ட்’ நெட்வொர்க்கில், அதாவது கணினியின் நெட்வொர்க்கிலேயே நேராக, ஓடவில்லை.

## தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது உறைந்துபோகிறது

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

### 1. மின்னழுத்தம்

பை ஓஎஸ்ஸில் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையோடு ‘கெட் த்ராட்டில்ட்’ சேர்த்துக் கொடுங்கள். வரும் பதினறும எண் வெறும் பூஜ்யம் என்றால், கிளம்பியதிலிருந்து மின்சாரம் குறைந்ததே இல்லை. 50000 என்றால் இடையில் எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் அப்படியே இருக்கிறது. ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இந்த எச்சரிக்கை பதிவாகும். ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸில் ராஸ்பெர்ரி பை மின்சாரச் சரிபார்ப்பு சென்சார் ஒன்று தானாகவே சேரும், அது சிக்கல் என்று காட்டுகிறதா பாருங்கள்.

இந்த இரண்டு எண்களில் ஒன்று வந்தால் இதற்கு மேல் எதையும் ஆராய வேண்டாம். குட்டையான, தடித்த கேபிள் போடுங்கள். யூஎஸ்பியில் தொங்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள ஹப்புக்கு மாற்றுங்கள். அப்புறமும் எண் மாறவில்லை என்றால் போர்டைத் தயாரித்தவர்களின் அடாப்டரையே வாங்கிவிடுங்கள். இந்தப் பட்டியலில் தயங்காமல் செய்யலாம் என்று நான் சொல்லும் செலவு இது ஒன்றுதான்.

### 2. சூடு

அதே கட்டளையில் ‘மெஷர் டெம்ப்’ கொடுத்தால் வெப்பநிலை தெரியும். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பை வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85-ல் இன்னும் இறுக்கும். மூடிய டிவி அலமாரியிலும் ரூட்டரின் தலைமேலும் வைத்திருப்பவர்கள் முதலில் இடத்தை மாற்றுங்கள். ஹீட் சிங்க் பெரும்பாலும் போதும். பை 5-க்கு விசிறி வைப்பது நல்லது.

### 3. கார்டு

கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதும் லாக்கைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் ‘எம்எம்சி’ என்று தொடங்கும் பிழை வரிகளையும் ‘ஐ-ஓ எரர்’ என்ற சொற்களையும் தேடுங்கள். இருந்தால் கார்டு சாகிறது. இன்னொரு தெளிவான அடையாளம்: அமைப்பு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் சேமிக்க முடியாது. ஃபைல் சிஸ்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ‘ரீட் ஒன்லி’ ஆகிவிட்டது. மாற்றங்கள் எல்லாம் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறைந்துபோகின்றன என்ற புகாரும் இதிலேதான் முடியும்.

வரலாற்று வரைபடங்கள் திடீரென்று காலியாகிவிட்டனவா? உள்ளமைவு அடைவில் டேட்டாபேஸ் கோப்பின் பெயரோடு ‘கரப்ட்’ என்றும் தேதியும் ஒட்டிய கோப்பு இருக்கிறதா பாருங்கள். டேட்டாபேஸ் சிதைந்தால் ஹோம் அசிஸ்டன்ட் அதை அப்படிப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஒருமுறை என்றால் திடீர் மின்வெட்டு காரணமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப என்றால் கார்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது ‘ஹை எண்டியூரன்ஸ்’ வகைக் கார்டு எடுங்கள், அல்லது நேராக எஸ்எஸ்டிக்குப் போய்விடுங்கள். சென்சார் வரலாற்றைச் சேமிக்கும் ரெக்கார்டர் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டிக்குச் சாதாரண கேமரா கார்டு தாங்காது. சாகும் கார்டில் பழுது நீக்கும் கருவிகளை ஓட்ட வேண்டாம். முதலில் அதை வேறு கணினியில் போட்டு, முழுப் படிமமாக நகலெடுங்கள். ஃபைல் சிஸ்டச் சோதனையை அந்த நகலில் செய்யுங்கள். கார்டைக் கணினி அடையாளமே காணவில்லை, உள்ளே ஈடுசெய்ய முடியாத ஏதோ இருக்கிறது என்றால் அங்கே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் மிச்சம் இருப்பதைக் குறைக்கும்.

### 4. நினைவகம்

டிமெசேஜில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருந்தால், நினைவகம் தீர்ந்து கர்னல் ஏதோ ஒரு நிரலைக் கொன்றிருக்கிறது. 1 ஜிபி போர்டில் ஹோம் அசிஸ்டன்டோடு கேமரா பதிவும் டேட்டாபேஸும் ஓட்டினால் இது நிச்சயம். ஆட்-ஆன்களை (ஹோம் அசிஸ்டன்டோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்களை) ஒவ்வொன்றாக நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உருவம் அடையாளம் காணும் கேமரா வேலையைப் பையிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

## கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் தகராறு

### சில சேவைகள் எழவில்லை

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் அந்தச் சேவையின் ‘ஸ்டேட்டஸ்’ கேளுங்கள். ‘டிசேபிள்ட்’ என்று வந்தால் சேவையைக் கையால் தொடங்கினீர்கள், தானாகக் கிளம்பும்படி ‘எனேபிள்’ செய்யவில்லை. டாக்கர் என்றால் ரீஸ்டார்ட் கொள்கையை ‘அன்லெஸ் ஸ்டாப்ட்’ என்று வையுங்கள்.

### எல்லாம் எழுந்தது, ஆனால் கிளவுட் இணைப்புகள் தோற்றன

பை ரூட்டரைவிட முன்னால் எழுந்துவிடுகிறது. சேவைக் கோப்பில் ‘நெட்வொர்க் ஆன்லைன்’ இலக்குக்குப் பிறகு தொடங்கும்படி அமைத்தால் போதும். அல்லது கடிகாரம்: பை 4-க்குள் பேட்டரி கடிகாரம் கிடையாது. பை 5-ல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். இணையம் வரும்வரை பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று சொல்லும். டைம்டேட்சிடிஎல் கட்டளை நேரம் ஒத்திசைந்ததா என்று காட்டும்.

மின்வெட்டு அடிக்கடி நடக்கும் இடம் என்றால் சர்வருக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சிறு யூபிஎஸ் வையுங்கள். 5 வோல்ட் வெளியீடு உங்கள் போர்டு கேட்கும் ஆம்பியரைக் கொடுக்குமா என்று பார்த்து வாங்குங்கள். போதாத யூபிஎஸ் வைத்தால் மேலே சொன்ன மின்னழுத்தச் சிக்கலை நீங்களே வரவழைத்ததாகிவிடும்.

## சாதனங்கள் ‘கிடைக்கவில்லை’ என்று காட்டுகின்றன

முதலில் சொல்லைக் கவனியுங்கள். ‘அன்அவைலபிள்’ என்றால் தொடர்பு அறுந்திருக்கிறது. ‘அன்னோன்’ என்றால் தொடர்பு இருக்கிறது, மதிப்பு இன்னும் வரவில்லை. பேட்டரி சென்சார்கள் ரீஸ்டார்ட்டுக்குப் பின் சிறிது நேரம் ‘அன்னோன்’ காட்டுவது இயல்பு. அதற்காக எதையும் கழற்றாதீர்கள்.

### எம்க்யூடிடி சாதனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போயின

எம்க்யூடிடி என்பது சாதனங்கள் செய்தி பரிமாறும் முறை. அந்தச் செய்திகளை நடுவில் நின்று கடத்தும் புரோக்கர் மென்பொருளான மொஸ்கிட்டோ ஓடுகிறதா பாருங்கள். ஓடுகிறது, ஆனால் வெளிச் சாதனங்கள் மறுக்கப்படுகின்றன என்றால் பதிப்பைப் பாருங்கள். 2.0 முதல், உள்ளமைவில் ஒன்றும் சொல்லாவிட்டால் அது அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். லிஸனர் வரியில் 1883 என்று போட்டு, கடவுச்சொல் கோப்பையும் காட்ட வேண்டும். அனானிமஸ் இணைப்பை அனுமதித்துவிடுங்கள் என்று வரும் அறிவுரையைக் கேட்காதீர்கள். வீட்டுக் கதவுப் பூட்டு அதன் பின்னால் இருக்கிறது.

ஒரு பயனரைச் சேர்த்த பிறகு மற்ற எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்களா? கடவுச்சொல் கட்டளையில் ‘சி’ என்ற விருப்பத்தைச் சேர்த்திருப்பீர்கள். அது கோப்பைப் புதிதாக உருவாக்கும், பழைய பயனர்கள் அழிந்துபோவார்கள். முதல் பயனருக்கு மட்டும்தான் அந்த விருப்பம்.

### இரண்டு சாதனங்கள் மாறி மாறி வந்து போகின்றன

சில நொடிக்கு ஒருமுறை இணைவதும் அறுவதுமாக இருந்தால், இரண்டுக்கும் கிளையன்ட் ஐடி ஒன்றாக இருக்கிறது. ஒரே ஐடியில் புதிதாக ஒருவர் வந்தால் புரோக்கர் பழையவரை வெளியேற்றும். வெளியேறியவர் திரும்ப வந்து மற்றவரைத் தள்ளுவார். ஒரு சாதனத்தின் உள்ளமைவை நகலெடுத்து இன்னொன்றில் ஏற்றியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஐடியை மாற்றினால் அந்த நிமிடமே நிற்கும்.

### நீக்கிய சாதனம் திரும்பத் திரும்ப முளைக்கிறது

அதன் அறிவிப்புச் செய்தி ‘ரிடெயின்ட்’ ஆகப் புரோக்கரில் தங்கியிருக்கிறது. அதே தலைப்பில் வெற்றுச் செய்தி ஒன்றை ரிடெயின் கொடியோடு அனுப்பினால் அழியும்.

### ஜிக்பீ சாதனங்கள் போய் வருகின்றன

ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறைக்கான யூஎஸ்பி குச்சியைப் பையின் நீல நிற யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகியிருக்கிறீர்களா? அங்கேயே பெரும்பாலான கதை முடிந்துவிடும். யூஎஸ்பி 3 இணைப்பும் அதில் தொங்கும் எஸ்எஸ்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ஜிக்பீயும் அதிலேதான் பேசுகிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, அதைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளையில் செருகி, குச்சியை மறுமுனையில் பையிலிருந்து தள்ளி வையுங்கள். இந்தச் சின்னக் கேபிள் தீர்த்துவைத்த சிக்கல்களுக்குக் கணக்கே இல்லை. புதிதாக அமைப்பவர்கள் குச்சியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

அப்புறம் யாராவது சுவர் சுவிட்சை அணைக்கிறார்களா பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ விளக்குகளும் பிளக்குகளும் மற்றவற்றின் செய்தியைக் கடத்தும் வேலையையும் செய்கின்றன. அதை அணைத்தால் அதன் வழியாகப் பேசிய சென்சார்களும் ஊமையாகும். ஜிக்பீ சாதனங்களை எம்க்யூடிடியோடு இணைக்கும் ஜிக்பீ டூ எம்க்யூடிடி மென்பொருளில் பேட்டரி சாதனம் இல்லை என்று முடிவுகட்ட இயல்பில் 25 மணி நேரம் ஆகும், மின்சாரச் சாதனத்துக்கு 10 நிமிடம். எனவே இன்று காட்டும் இழப்புக்குக் காரணம் நேற்று நடந்திருக்கலாம்.

இதற்கும் அசையவில்லை என்றால் அலைவரிசைச் சேனல். உங்கள் வைஃபை 1-லோ 6-லோ இருந்தால் ஜிக்பீ 25 தொல்லையில்லாத இடம். சேனலை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டிவரும் என்பதால் இதைக் கடைசிக்கு வைத்தேன்.

### ஜிக்பீ குச்சியையே காணவில்லை

ரீஸ்டார்ட்டில் குச்சியின் சாதனப் பெயரான ‘டிடிஒய் யூஎஸ்பி 0’ என்பது 1 ஆகிவிட்டிருக்கும். சீரியல் அடைவின் உள்ளே ‘பை ஐடி’ (ராஸ்பெர்ரி பை அல்ல, ஆங்கிலத்தில் பி, ஒய்) என்ற அடைவில் இருக்கும் நீளமான பெயரைக் கொடுங்கள், அது மாறாது. அனுமதி இல்லை என்று வந்தால் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேருங்கள். இரண்டு மென்பொருள்கள் ஒரே குச்சியைப் பிடிக்க முடியாது: ஹோம் அசிஸ்டன்டின் சொந்த ஜிக்பீ இணைப்பான இசட்எச்ஏவையும் ஜிக்பீ டூ எம்க்யூடிடியையும் சேர்த்து வைத்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். உபுண்டு 22.04-ல் சிஎச்340 சில்லு உள்ள குச்சிகள் செருகிய உடனே மறைவது பிரெயில் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் சேவையால். அந்தத் திரை வீட்டில் யாருக்கும் தேவையில்லை என்றால் அந்தத் தொகுப்பை நீக்கலாம்.

### வைஃபை சாதனம் இணைய மறுக்கிறது

வீட்டு வைஃபை சாதனங்களில் இருக்கும் ஈஎஸ்பி8266 சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் அறியும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரூட்டரில், அமைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு முயலுங்கள்.

## ஆட்டோமேஷன் ஓடவில்லை

அந்த ஆட்டோமேஷனின் ‘டிரேஸ்’ பக்கத்தைத் திறங்கள். கடைசி ஐந்து ஓட்டங்கள் அங்கே இருக்கும்.

டிரேஸே இல்லை என்றால் தூண்டுதல் நடக்கவில்லை. எண் சார்ந்த தூண்டுதல், மதிப்பு எல்லையைத் தாண்டும் கணத்தில் மட்டும் வேலை செய்யும். தொட்டி ஏற்கெனவே 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஆட்டோமேஷனை எழுதினால், நீர் மேலே ஏறித் திரும்ப இறங்கும்வரை மோட்டார் ஓடாது. சூரியன் சார்ந்த தூண்டுதல் என்றால் வீட்டின் இருப்பிடமும் நேர மண்டலமும் சரியா பாருங்கள்.

டிரேஸ் நடுவில் நிற்கிறது என்றால் நின்ற இடத்திலுள்ள நிபந்தனைதான் காரணம், அதில் அப்போதைய மதிப்பும் இருக்கும்.

விளக்கு எரிந்தது, அணையவில்லை என்றால் இடையில் ரீஸ்டார்ட் நடந்ததா என்று பாருங்கள். ‘பத்து நிமிடம் இந்த நிலையில் இருந்தால்’ என்ற காத்திருப்பு ரீஸ்டார்ட்டையோ ஆட்டோமேஷன் ரீலோடையோ தாங்காது, மறந்துபோகும். மோட்டார், ஹீட்டர் போன்றவற்றின் அணைப்பை இந்தக் காத்திருப்பை மட்டும் நம்பி விடவே கூடாது. சாதனத்துக்குள்ளேயே அதிகபட்ச ஓட்ட நேரத்தை அமையுங்கள். சர்வர் செத்தாலும் மோட்டார் நிற்க வேண்டும்.

## மெதுவாகிவிட்டது, இடம் நிரம்பிவிட்டது

டிஎஃப் கட்டளை எங்கே நிரம்பியது என்று காட்டும். வழக்கமான குற்றவாளிகள்: குவிந்த பழைய பேக்கப்கள், நான் மேலே சொன்ன ‘கரப்ட்’ கோப்புகள், எல்லையில்லாமல் வளரும் டாக்கர் லாக்குகள், அப்புறம் டேட்டாபேஸ். டாக்கர் லாக்குக்கு இயல்பில் அளவு வரம்பு கிடையாது, அதிகபட்ச அளவைக் குறிப்பிடுங்கள். ரெக்கார்டர் இயல்பில் 10 நாள் வைத்திருக்கும். நாளைக் குறைப்பதைவிட, நொடிக்கு நொடி மாறும் வோல்டேஜ், சிக்னல் வலிமை போன்ற சென்சார்களைப் பதிவிலிருந்து விலக்குவது அதிகம் பலன் தரும். டேட்டாபேஸைச் சுருக்க ‘ரீபேக்’ கொடுப்பதற்கு முன், ஏறக்குறைய அதே அளவு காலி இடம் இருக்கிறதா பாருங்கள். சுருக்கும் வேலைக்கு அது தேவை.

## வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை

ரூட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. போர்ட் திறப்பது பலிக்காது. நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள், அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னுக்குப் போங்கள். இரண்டாவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்: 8123-ஐ இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்க வேண்டிய தேவையே வராது. வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கி ஹோம் அசிஸ்டன்டுக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்சி வைத்தவர்களுக்கு 400 என்ற பிழை வந்தால், உள்ளமைவில் நம்பகமான பிராக்சியின் முகவரியைச் சேர்க்கவில்லை.

## ரிலே, சுவிட்ச், வீட்டு மின்சாரம்

இங்கே நீங்களே செய்யக்கூடியது குறைவு. எல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதும் கேட்பதும்தான்.

திரையில் நிலை மாறுகிறது, ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கிளிக் என்று சத்தம் தருகிறது, ஆனால் சாதனம் அணையவில்லை என்றால் ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டது. தொகுதியின் மேல் 10 ஆம்பியர் என்று இருப்பது சாதாரண மின்தடைச் சுமைக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டாரை ரிலேயில் நேராக இணைக்காமல், ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்சை) இயக்கும்படி அமைக்க வேண்டும். அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக ஒளிர்ந்தால், நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் ஸ்மார்ட் சுவிட்சிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம். தயாரிப்பாளர் தரும் பைபாஸ் துணைக்கருவியை விளக்கு முனையில் போட்டால் நிற்கும். அதையும் எலக்ட்ரீஷியனையே போடச் சொல்லுங்கள்.

கசிவு பிரேக்கர் விழுகிறது, சுவிட்ச் பலகை சூடாகிறது, கருகும் வாசனை வருகிறது, சாதனத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது: இந்த நான்கில் எது நடந்தாலும் சர்வரை விட்டுவிடுங்கள். மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழுந்த பிரேக்கரைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். அவர் வரும்போது எந்தச் சுவர்ப் பெட்டியில் எந்த ரிலேயை எப்போது வைத்தீர்கள், அதில் எந்தச் சாதனம் ஓடுகிறது என்று எழுதிக் கொடுங்கள். பெட்டிக்குள் தொகுதி ஒளிந்திருப்பது தெரியாமல் அவர் கை வைக்கக் கூடாது.